இரண்டு மூடி அரிஷ்டம்

ஜூன் 9, திங்கள். நாள் 203

எழுத ஒன்றும் இல்லை என்று எழுதினால் ஆக்னஸ் மேடம் விடமாட்டார். மாதத்தின் முதல் சனிக்கிழமை குடி மறுவாழ்வு மையத்தில் அவரிடம் இந்த நோட்டைக் கொண்டுபோக வேண்டும். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் படிப்பார். இந்த மாதம் ஓரத்தில், "எல்லா நாளும் நல்ல நாளாகவே இருக்கிறதே, ஐசக்?" என்று எழுதியிருக்கிறார். நல்ல நாளாக இருந்தால் நான் என்ன செய்ய? அவருக்காக ஒரு கெட்ட நாளை உண்டாக்க முடியுமா?

சரி, நடந்ததை எழுதுகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்தேன். கல்லூரி பஸ்ஸின் சாவியைத் தரும் முன் மானேஜர் நீட்டுகிற மெஷினில் ஊதினேன். பூஜ்யம். குலசேகரம் வரை போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்தேன். மதியம் அவித்த பலாக்கொட்டையைக் கடித்தபோது இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப் பல் சுரீர் என்றது. உயிர் போய் வந்தது.

வீட்டுக்கு வந்து, கிணற்றடியில் மோட்டார் ரூமுக்குப் போய் மோட்டாரைப் பார்த்தேன். பழைய மோட்டார், அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு குளியல், சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பின் ரோஸ்லெட் வழக்கம்போல அரிஷ்டம் ஊற்றித் தந்தாள். இரண்டு மூடி அரிஷ்டம், இரண்டு மூடி தண்ணீர். ஜனவரியில் எனக்குச் செரிமானம் கெட்டபோது அவளே வைத்தியசாலையில் கேட்டு வாங்கி வந்தது. அளவு மீறமாட்டாள். அவளுக்கு எல்லாவற்றிலும் அளவு உண்டு.

நீலப் பெட்டி இன்னும் அலமாரி மேல்தான் இருக்கிறது. நான் மையத்திலிருந்து திரும்பி வந்த அன்று அதில் ஆறு சேலையும் ஆதார் கார்டும் வைத்துப் பூட்டினாள். "இன்னும் ஒரு தடவ. அதுக்குப் பெறகு பேச்சே கெடையாது. அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். கட்டிலில் படுத்தால் நேரே அதுதான் தெரியும். இருநூறு நாளாகியும் இறக்கி வைக்கத் தோன்றவில்லை அவளுக்கு. கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய். நாள் 204

பல்வலி. கிராம்பு வைத்தேன். மோட்டார் பார்த்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 11, புதன். நாள் 205

கன்னம் வீங்கிவிட்டது. மானேஜர் பார்த்துவிட்டு, பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று கிண்டலாகச் சொல்லி லீவு கொடுத்தார். ரோஸ்லெட்டோடு பல் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண், பெயர் விஜிலா. கையில் நல்ல பிடி.

"பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்கு. மொதல்ல வீக்கம் வத்தட்டும், பிறகு பிடுங்கலாம். ரெண்டு மாத்திரை எழுதியிருக்கேன். இது அமாக்ஸிசிலின். இது மெட்ரோனிடசோல், நானூறு. ரெண்டும் அஞ்சு நாள், காலை, மதியம், ராத்திரி. சாப்பிட்ட பிறகுதான் போடணும். வலி போயிட்டுதேன்னு நடுவில நிறுத்தக்கூடாது. குடிக்கிற பழக்கம் உண்டா?"

"இருந்தது. இருநூத்தி அஞ்சு நாளாச்சு விட்டு."

"ரொம்ப நல்லது. ஏன் கேக்கேன்னா, மெட்ரோனிடசோலோட சாராயம் சேர்ந்தா உடம்பு சும்மா விடாது. கொஞ்சமா இருந்தாலும் சரி."

ரோஸ்லெட் என்னைப் பார்த்தாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். பல் டாக்டர் நாற்காலியில் நெஞ்சை நிமிர்த்துவது எளிதல்ல.

மதியம் கஞ்சி குடித்து மாத்திரை போட்டேன். மாலையில் மோட்டார் பார்த்தேன். ஏழு மணிக்கு இட்லியைப் பிய்த்து விழுங்கி இரவு மாத்திரை, பிறகு இரண்டு மூடி அரிஷ்டம்.

கால் மணி நேரத்துக்குள் காது மடல் சுட்டது. முகமெல்லாம் தீயாக எரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது, தலைக்குள் அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பின்வாசலில் வாந்தி எடுத்தேன். ஒன்றல்ல, நான்கு முறை. திரும்பினால் ரோஸ்லெட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் வரவில்லை.

"மூஞ்சியக் கண்ணாடியில பாருங்க."

பார்த்தேன். ரத்தச் சிவப்பு. கண்ணும் சிவந்திருந்தது. பழைய ஐசக் ஞானதாஸ் அங்கே நின்று என்னைப் பார்த்தான்.

"நான் குடிக்கல்ல, ரோஸ்லெட்."

"அந்தக் காலத்துலயும் இதேதான் சொல்லுவீங்க. இதே எடத்துல நின்னு, இதே வாந்தியத் தொடச்சிக்கிட்டு."

பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கி அறை வாசலில் வைத்துவிட்டாள். நான் ஒரு சொட்டுச் சாராயம் தொடவில்லை. பிராந்தி இல்லை, பீர் இல்லை, ஒன்றும் இல்லை. ஆண்டவர் அறிவார். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்குவது எப்படி எரியும் என்று ஆக்னஸ் மேடத்துக்குத் தெரியுமா?

ஜூன் 12, வியாழன். நாள் 206

லீவு. ரோஸ்லெட் பேசவில்லை. கஞ்சியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறாள்.

வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல ஒரு ருசி. காப்பியும் ஆணி, கஞ்சியும் ஆணி. சிறுநீர் வேறு பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகிறது. மஞ்சள்காமாலை வந்து சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். செத்தால்தான் நான் குடிக்கவில்லை என்று நம்புவாள் போலிருக்கிறது என்றும் நினைத்தேன். கோபத்தில் நினைத்தது.

மூன்று வேளையும் மாத்திரை தவறாமல் போட்டேன். பேச்சே இல்லாததால் இன்று அரிஷ்டம் ஊற்றித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாடு ஆனதும் மோட்டார் பார்க்கப் போனேன்.

மறுபடியும் வாந்தி. நேற்றைவிட மோசம். மோட்டார் ரூம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் இருட்டிற்று. எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன். ரோஸ்லெட் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து அண்ணனிடம், "சனிக்கெழம வந்து கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

ஜூன் 13, வெள்ளி. நாள் 207

மாத்திரைதான் காரணம் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. போலி மாத்திரை. காலை வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மிச்ச அட்டையைச் சட்டைப் பையில் திணித்து, சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் மருந்துக்கடைக்குச் சண்டை போடப் புறப்பட்டேன். ரோஸ்லெட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். நான் என்ன பொய் சொல்கிறேன் என்று கேட்க வந்திருப்பாள்.

கடையில் ஒரு ஆள் நின்று, "வயித்தால போவுது, மெட்ரோ மாத்திர நாலு குடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சி, "சீட்டு கொண்டு வாரும். இது மிட்டாய் இல்ல. இப்ப உப்புச் சக்கரத் தண்ணிப் பொடி தாறேன், அதக் கலக்கிக் குடியும்" என்று பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் இன்னும் ஏறிற்று.

"அண்ணாச்சி, நீரு குடுத்த மாத்திரையில என்னவே கலந்திருக்கு? ரெண்டு நாளா சாகக் கெடக்கேன்."

அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். "என்ன பண்ணுகு?"

சொன்னேன். ஆணி ருசிக்கும் சிறுநீருக்கும் சிரித்தார். "அது இந்த மாத்திரைக்கு உள்ளதுதான், டிரைவர். நிறுத்தினா சரியாயிரும். கை கால் மரத்துப்போனாதான் டாக்டர்ட்ட ஓடணும்." முகம் சிவந்ததையும் நெஞ்சு அடித்ததையும் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"டிரைவர், கோவப்படாம சொல்லும். கொஞ்சம் ஊத்தினீரா?"

"ஆண்டவர் சத்தியமா இல்ல."

ரோஸ்லெட் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி அவளிடம் கேட்டார். "அம்மா, வேற என்ன சாப்பிடுகாரு? இருமல் மருந்து, டானிக்கு, எதாம் உண்டா?"

"ஒண்ணும் இல்லண்ணே. செரிக்கதுக்கு ராத்திரி ரெண்டு மூடி அரிஷ்டம். அது நான்தான் ஊத்திக் குடுக்கேன்."

அண்ணாச்சி எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு அரிஷ்டம் பாட்டிலை எடுத்து வந்தார். எங்கள் வீட்டில் இருக்கும் அதே பாட்டில். அதைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"அரிஷ்டம்னா என்னண்ணு நெனச்சிய? மருந்தக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, மாசக்கணக்கா மூடிப் புளிக்க வைக்கது. அதுல சாராயம் தானா ஊறும். இந்தா, எத்தன சதவீதம்னு போட்டிருக்கான் பாருங்க. மருந்து தப்பான மருந்து இல்ல. இந்த மாத்திரையோட சேரக்கூடாது, அவ்வளவுதான்."

ரோஸ்லெட் பாட்டிலை வாங்கி எழுத்தைக் கூட்டிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். "ரெண்டு மூடிக்கா இவ்வளவு வாந்தி? நேத்து நான் ஊத்திக் குடுக்கவே இல்லியே" என்றாள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. "சிலருக்கு மறுநாளும் வரும்" என்றார் மெதுவாக. "நெஞ்சு அப்பிடி அடிச்சப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். இனி அரிஷ்டத்த நிறுத்துங்க, மாத்திரைய நிறுத்தாதீங்க. கடேசி மாத்திர போட்ட பெறகும் மூணு நாளு அந்தப் பக்கமே போவக்கூடாது."

"மிச்சம் வந்தா வயித்துக்கு எடுத்து வைக்கலாமாண்ணே?"

"மிச்சமே வரக்கூடாதும்மா."

வீட்டுக்கு வந்ததும் ரோஸ்லெட் பெட்டியைத் திறந்து ஆறு சேலையையும் ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். வெற்றுப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிறகு என் எதிரே வந்து நின்றாள்.

"என் கையாலயே ஊத்திக் குடுத்திருக்கேன். அஞ்சு மாசம். உங்களயும் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிருங்க."

பெரிய மனதோடு மன்னித்தேன். தெரியாமல் செய்தது தவறாகாது என்று ஆறுதல் சொன்னேன். இருநூறு நாளாக எந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்துப் படுத்தேனோ அது இறங்கிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டும்.

மதிய மாத்திரை போட்டேன். இரவு மாத்திரை மறந்துவிட்டது.

ஜூன் 14, சனி. நாள் 208

ரோஸ்லெட் அடுக்களையில் இருந்த அரிஷ்டத்தை வாழை மரத்து மூட்டில் கவிழ்த்தாள்.

மச்சான் பெட்டி தூக்க வந்தவர், கதையைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு குலை ஏத்தம்பழம் வைத்துவிட்டுப் போனார். அவர் என் கையைத் தொட்டு நான்கு வருஷமாகிறது.

மாத்திரை போட மறந்துவிட்டது. வலி இல்லாவிட்டால் நினைவு எப்படி வரும்? கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று நாள் என்று சுயம்புலிங்கம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. வெள்ளி மதியத்திலிருந்து எண்ணினால் திங்கள் மதியம் ஆகிறது. சும்மா எண்ணிப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு. நாள் 209

ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் இருந்தது. நான் வெளியே வேப்பமரத்தடியில் ஸ்கூட்டரோடு நின்றேன். ஜெபக் குறிப்பு சொல்லும் நேரத்தில் ரோஸ்லெட்டின் குரல் கேட்டது.

"என் வீட்டுக்காரரு ரொம்பப் பாடுபட்டுக் குடிய விட்டவங்க. தெரியாம நானே அஞ்சு மாசம் அவங்களுக்குச் சாராயம் ஊத்திக் குடுத்திருக்கேன். அது போதாதுன்னு அவங்க மேல பழியும் போட்டேன். எனக்காக ஜெபம் பண்ணுங்க."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள். பெட்டி கட்டிய நாட்களில்கூட அவள் வெளி ஆட்கள் முன் அழுததில்லை. ஜன்னல் வழியாக ஒன்றிரண்டு பெண்கள் என்னை எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்தது மரியாதை. நான் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

மூன்று நாள் உபவாசம் இருக்கப் போகிறாளாம். வேண்டாம் என்று சொன்னேன். "நான் செஞ்சதுக்கு நான்தான இருக்கணும்" என்கிறாள். பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிறாள்.

ஜூன் 16, திங்கள். நாள் 210

வேலைக்குப் போனேன். மெஷினில் பூஜ்யம். குலசேகரத்தில் மழை. திரும்பி வந்து மோட்டார் பார்த்தேன். வாந்தி இல்லை, முகம் சிவக்கவில்லை, உடம்பு நன்றாக இருக்கிறது. பல் லேசாகக் கடுக்கிறது.

ரோஸ்லெட் இன்றும் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் மீன்குழம்பு வைத்திருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

விடிந்தபோது கண்ணுக்குக் கீழே வரை வீக்கம். வாயைத் திறக்க முடியவில்லை, காய்ச்சல் வேறு. ரோஸ்லெட் ஆட்டோ பிடித்து விஜிலா டாக்டரிடம் கொண்டுபோனாள். ஆட்டோவில் ஏறும்போது அவளுக்கே தலை சுற்றி, என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு, "வத்தியிருக்கணுமே. மாத்திரை முடிச்சீங்களா?" என்றார். நான் பதில் சொல்லுமுன் ரோஸ்லெட் என் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். இரண்டு வகையிலும் பதினைந்தில் எட்டு மாத்திரை அப்படியே இருந்தது. அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பாதியில விட்டா கிருமி சாகாது, திரும்பிக் கிளம்பும். இந்த வீக்கம் கழுத்துக்கு இறங்கினா மூச்சு அடைக்கும், தெரியுமா? ஏன் நிறுத்தினீங்க?"

"வாந்திக்குப் பயந்து" என்றேன்.

"என்னாலதான் டாக்டர்" என்றாள் ரோஸ்லெட். அரிஷ்டக் கதையை முழுதும் சொன்னாள். தன் கையால் ஊற்றினேன் என்பதை இங்கேயும் சொன்னாள். டாக்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். கீறிச் சீழை எடுத்தார். அந்த வலியைப் பற்றி எழுதத் தேவையில்லை. மறுபடி அதே இரண்டு மாத்திரையும் முதலிலிருந்து ஐந்து நாள் எழுதினார்.

"திரும்பவும் கேக்கேன். சாராயம் எந்த வகையிலும் இல்லையே?"

என் வாயில் பஞ்சு இருந்தது. ரோஸ்லெட் எனக்காகப் பதில் சொன்னாள்.

"இல்ல டாக்டர். இன்னைக்கு இருநூத்திப் பதினோராவது நாளு."

எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் நோட்டில் எழுதுகிறேன், அவள் மனதில் எழுதியிருக்கிறாள். மூன்றாம் நாள் பட்டினியில் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, எனக்காக ஒரு டாக்டரம்மா முன்னால் நின்று அந்த எண்ணைச் சொன்னாள்.

இன்றைய தேதிக்குப் பக்கத்தில் எண் போடக் கை வரவில்லை.

ஜூன் 18, புதன்

காலை மாத்திரை போட்டேன். வீக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ரோஸ்லெட் முட்டுக்குத்தி ஜெபித்துக்கொண்டிருந்தாள். முடியும் வரை நின்றேன்.

"உபவாசத்த முடி, ரோஸ்லெட்."

"சாயங்காலம் முடிப்பேன்."

"நீ ஊத்தின ரெண்டு மூடியால ஒண்ணும் வரல்ல. வா, ஒண்ணு காட்டுகேன்."

மோட்டார் ரூமைத் திறந்தேன். பைப்புகளுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் சாக்கை இழுத்துக் கவிழ்த்தேன். பதினேழு காலிப் பாட்டில்கள் உருண்டன. எல்லாம் அரிஷ்டம். பதினெட்டாவதில் பாதி மிச்சம் இருந்தது.

ஆக்னஸ் மேடம், இதை நீங்கள் படிக்கத்தான் எழுதுகிறேன். அந்த மோட்டாருக்கு ஒரு பழுதும் இல்லை. ஒரு நாள்கூட அது நின்றதில்லை. மோட்டார் பார்த்தேன் என்று இந்த நோட்டில் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேனோ அத்தனை இடத்திலும் சிவப்புக் கோடு போடுங்கள். ரோஸ்லெட் தந்த இரண்டு மூடியில் ஒரு நாள் நெஞ்சுக்குள் லேசாகச் சூடு ஏறிற்று. எனக்கு அந்தச் சூட்டைத் தெரியும். பொடி எழுத்தைப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. மறுநாளே நானாக ஒரு பாட்டில் வாங்கினேன். ஒரே கடையில் வாங்கினால் கேட்பார்கள் என்று தக்கலை, அழகியமண்டபம், குலசேகரம் என்று பஸ் போகிற ஊரெல்லாம் மாற்றி மாற்றி வாங்கினேன். மூடி கால் கிளாஸ் ஆயிற்று, கால் அரை ஆயிற்று. காலையில் மெஷினில் ஊதுமுன் இறங்கிவிட வேண்டும் என்று சாயங்காலம் மட்டும் குடித்தேன். சாக்கு நிறைந்தால் கொண்டுபோய்ப் பழைய சாமான்காரரிடம் போட்டேன். இந்தப் பதினேழும் ஈஸ்டருக்குப் பிறகு சேர்ந்தவை. பல் அழுகிக்கொண்டிருக்கும்போது, அதைக் காப்பாற்றும் மாத்திரையை நிறுத்திவிட்டு, அந்த மூன்று நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுயம்புலிங்கம் கடையில் பழி அந்த இரண்டு மூடி மேல் விழுந்து நான் தப்பினேன். நான் ஒன்றும் அறியாதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு விலையாக ரோஸ்லெட் பட்டினி கிடந்தாள்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"லெந்து நோன்பு தொடங்கின வாரத்துல இருந்து."

"அப்ப ஞாயித்துக்கெழம நான் அத்தன பேரு முன்னால நின்னு அழுதப்ப..."

"வெளிய நின்னு கேட்டேன்."

"கேட்டுட்டு வந்தும் குடிச்சியளா?"

"அன்னைக்கு இல்ல. மறுநாளு."

மோட்டார் திட்டில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், வீங்கிய வாயோடு, அசிங்கமாக. அவள் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாதி இருந்த பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஊத்துங்க. நீங்களே ஊத்துங்க. இந்தத் தடவ என் கை வேண்டாம்."

ஓடையில் ஊற்றினேன். அந்த வாசனை ஏறியபோது நாக்கு ஊறிற்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவள் உள்ளே போய்க் கஞ்சி வைத்தாள். முதலில் தனக்கு ஊற்றி, ஒரு வாரப் பசிக்குச் சாப்பிடுகிறவளைப் போல இரண்டு கிண்ணம் குடித்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதன் பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். நான் அடுக்களையிலேயே இருந்தேன். அலமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, பெட்டிப் பூட்டின் சத்தம் கேட்டது. இப்படி ஆகும் என்று தெரிந்துதான் மோட்டார் ரூமைத் திறந்தேன்.

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. போய்ப் பார்த்தேன். நாற்காலி மேல் ஏறி நின்று, பெட்டியைப் பழையபடி அலமாரி மேல் வைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பிடிக்கப் போனேன். "நான் வைப்பேன்" என்றாள்.

மதியம் இரண்டு மணிக்குக் கஞ்சியும், மாத்திரையும், தண்ணீரும் கொண்டு வந்தாள். கஞ்சி குடித்து முடிக்கும் வரை நின்றாள். இரண்டு மாத்திரையையும் விழுங்கினேன்.

"வாயத் தொறங்க."

வலியோடு திறந்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன். குனிந்து, பிள்ளைகளுக்குப் பார்ப்பது போல நன்றாகப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம கூட்டத்துல நீங்க எந்திரிச்சுச் சொல்லணும். நான் சொன்ன அதே எடத்துல" என்றாள்.

"சொல்லுகேன்."

"ஆக்னஸ் மேடத்துக்கு முதல் சனிக்கெழம வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைக்கே போன் பண்ணுங்க."

"பண்ணுகேன்."

எண்களைப் பற்றி யோசித்தேன். கடைசியாகக் குடித்தது திங்கள். நேற்றுக் குடிக்கவில்லை, ஆனால் நேற்று வலி தடுத்தது, அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேலே தேதிக்குப் பக்கத்தில் விட்ட இடத்தை ரோஸ்லெட்டிடம் காட்டி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். பேனாவை வாங்கி அவளே ஒன்று என்று எழுதினாள்.

எட்டு மணிக்கு அடுத்த மாத்திரை. அதுவரை மோட்டார் ரூம் சாவி அவள் இடுப்பில் இருக்கும்.